என்ன ருசி எண்டு சொல்லுங்கோ

ஐம்பது வயது தாண்டும்வரை நான் மரக்கறி சாப்பிட்டதில்லை. உருளைக்கிழங்கும் பருப்பும் சாப்பிடுவேன். வெங்காயம் குழம்பில் கரைந்து கிடந்தால் கண்டுகொள்ள மாட்டேன். மற்றபடி பச்சையாகவோ மஞ்சளாகவோ எது பீங்கானில் விழுந்தாலும் ஓரத்தில் ஒதுக்கிவிட்டுச் சோற்றைச் சாப்பிட்டுப் பழகியவன்.

இதற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. நான் பிறந்து வளர்ந்தது கொழும்பில், கொட்டாஞ்சேனையில். அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. எங்கள் வீட்டில் மீன் இல்லாத நாள் என்று ஒன்று இருந்ததாக நினைவில்லை. தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் இறைச்சியைத்தான் விடுவோம். மீனை விடும்படி எந்தச் சுவாமியாரும் எங்களிடம் சொல்லவில்லை. அம்மா எப்போதாவது வைக்கிற பயற்றங்காய்க் கறி பெரியவர்களுக்கு. அதை வாயில் வைத்தால் துப்பிவிடுவேன். கீரை வாசனை வந்தாலே மேசையை விட்டு ஓடிவிடுவேன். அடித்தும் பார்த்தார்கள், கெஞ்சியும் பார்த்தார்கள், பிறகு விட்டுவிட்டார்கள்.

என் மனைவி யாழ்ப்பாணத்து இந்துக் குடும்பத்தில் வந்தவள். கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியின் அலுவலகத்தில் இருவரும் ஒரே அறையில் இருந்து வேலை செய்தோம். மத்தியானம் அவள் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தால் அதற்குள் நாலைந்து நிறத்தில் மரக்கறி இருக்கும். அதைப் பார்த்து நான் முகத்தைச் சுளித்ததில்தான் எங்கள் பேச்சு ஆரம்பமானது. கொட்டாஞ்சேனையில் நாங்கள் தேவாலயத்தையும் கோயில் என்றுதான் சொல்வோம். ஆகவே எங்கள் கலியாணம் இரண்டு கோயில்களில் நடந்தது என்று சொல்லிச் சிரிப்போம். இரண்டு வீட்டாரும் வெகுநாள் சிரிக்கவில்லை.

வெள்ளவத்தையில், கடலை நோக்கி இறங்குகிற ஒரு ஒழுங்கையில், தொடர்மாடியின் நாலாவது மாடியில் குடியிருந்தோம். பிள்ளைகள் பிறக்கவில்லை. எனக்கு மீன், அவளுக்கு மரக்கறி என்று எங்கள் சமையல் நடந்தது. அவளும் மீன் சாப்பிடுவாள்தான். ஆனால் அவளுக்கு உயிர் மரக்கறியில். சின்னச் சின்னக் கிண்ணங்களில் கத்தரிக்காய்ப் பால்கறி, கோவா இலையை அரிந்து செய்த வறை, வல்லாரைச் சம்பல் என்று தனக்கென்று செய்து வைத்துக்கொண்டு சாப்பிடுவாள். சாப்பிடும்போது கதைக்க மாட்டாள். தொலைபேசி அடித்தாலும் எழும்ப மாட்டாள். என்னைச் சாப்பிடச் சொல்லி ஒருநாளும் வற்புறுத்தியதில்லை. அவளுக்கு வேண்டியதை அவள் சாப்பிட்டாள், எனக்கு வேண்டியதை நான் சாப்பிட்டேன். அப்படியே இருபது வருடத்துக்கு மேல் போனது.

முதலில் அவளுடைய குரல் அடைத்தது. தடிமன், சளி என்று நினைத்தோம். மாதம் ஒன்றாகியும் தெளியவில்லை. விழுங்கும்போது ஒரு பக்கம் குத்துகிறது என்றாள். காது மூக்குத் தொண்டை டொக்டரிடம் போனோம். அவர் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, சின்னத் துண்டு எடுத்துச் சோதிக்க வேண்டும் என்றார். சோதித்தபோது புற்று நோய் என்று வந்தது.

கிழமை நாட்களில் தினமும் கதிர்ச் சிகிச்சை. ஆஸ்பத்திரியில் எல்லாரும் அதைக் கரண்ட் பிடிக்கிறது என்றுதான் சொன்னார்கள். இரண்டாவது கிழமை அவள் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு, இதில் சீனி போடவில்லையா என்று கேட்டாள். போட்டிருந்தேன். அடுத்த நாள் உப்பும் தெரியவில்லை. பிறகு எதை வாயில் வைத்தாலும் காகிதத்தைச் சப்புவது போல் இருக்கிறது என்றாள். இது நடக்கும், சிலருக்குப் பிறகு திரும்பி வரும் என்று டொக்டர் சொன்னார். சிகிச்சை முடிவதற்குள் தொண்டை புண்ணாகித் தண்ணீரும் இறங்காமல் போனது. மூக்கு வழியாக மெல்லிய குழாய் ஒன்று வைத்தார்கள். பால்மா கரைத்த பாலை அதில் மெதுவாக ஊற்றுவதற்கு ஒரு தாதி எனக்குக் காட்டித் தந்தாள்.

வாயில் ருசி போனாலும் மூக்கு அவளுக்கு நன்றாக வேலை செய்தது. நான் மீன் பொரித்த அன்று குளியலறைக்கு ஓடிப்போய் ஓங்காளித்தாள். குழாய் வெளியே வந்துவிடாமல் நான் அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்றோடு வீட்டில் மீன் சமைப்பதை நிறுத்தினேன். சில நாட்கள் காலி ஊருக்குப் போகிற பெருவீதிக் கடைகளில் சாப்பிட்டேன். ஆனால் அவளைத் தனியே விட்டுவிட்டுப் போய் உட்கார்ந்து சாப்பிட மனம் வரவில்லை.

அவளுடைய தங்கை பக்கத்துப் பாமன்கடைப் பகுதியில் இருந்தாள். அவள்தான் ஒருநாள் அடுக்குச் சாப்பாட்டுப் பெட்டியோடு வந்தாள். சோறு, பருப்பு, பூசணிக்காய், போஞ்சி. நான் மரக்கறி சாப்பிடுவதில்லை என்பது அவளுக்குத் தெரியும். "அத்தான், இப்போதைக்கு இதைத்தான் என்னால செய்யேலும்," என்றாள். அவளுக்கும் வேலைக்குப் போக வேண்டும், பிள்ளைகளைப் பார்க்க வேண்டும். நன்றி சொல்லி வாங்கி வைத்தேன்.

மனைவி பார்க்காமல் சாப்பிட வேண்டும் என்று குசினி அடுப்புக்குப் பக்கத்தில் நின்றபடி சோற்றைக் குழைத்துக்கொண்டிருந்தேன். விழுங்க முடியாத ஒருத்திக்கு முன்னால் உட்கார்ந்து எப்படிச் சாப்பிடுவது? அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

"நீங்கள் ஒளிச்சு நிண்டு சாப்பிட்டா எனக்குப் பசி தீருமே? மேசைக்கு வாங்கோ," என்றாள். குரல் காற்றாகத்தான் வந்தது.

மேசையில் எனக்கு எதிரே உட்கார்ந்தாள். நான் பூசணிக்காயில் ஒரு துண்டை எடுத்துச் சோற்றுக்குள் மறைத்து விழுங்கினேன்.

"எப்பிடி இருக்கு?"

"நல்லா இருக்கு."

"நல்லா இருக்கு எண்டு ஆரும் சொல்லுவினம். என்ன ருசி எண்டு சொல்லுங்கோ."

சோற்றில் மறைக்காமல் ஒரு துண்டை அப்படியே வாயில் வைத்தேன். அது நாக்கிலேயே கரைந்தது. எனக்குப் பிடிக்காதது இந்தக் குழைவுதான். ஆனாலும் வாயை மூடிக்கொண்டு யோசித்தேன். "இனிப்பு. ஆனா சீனி மாதிரி இல்ல. தேங்காய்ப்பால் மேல நிக்குது. மிளகாய் கடைசியாத்தான் வருது. மெல்லுறதுக்கு ஒண்டும் இல்ல. எனக்குப் பிடிக்கல்ல," என்றேன்.

பிடிக்குமா என்று தான் கேட்கவில்லை என்றாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். கடுகு போட்டிருக்கிறாளா என்று கேட்டாள். பல்லில் பட்டது என்றேன். தங்கச்சி எப்போதும் கடுகு கூடப் போடுவாள் என்று சொன்னவள், கண்ணைத் திறக்காமலே போஞ்சிக்குப் போகச் சொன்னாள். அந்தப் பீங்கானில் இருந்த எல்லாவற்றையும் நான் சாப்பிட்டுச் சொல்லி முடிக்கும்வரை அவள் அங்கிருந்து எழும்பவில்லை. அன்று பின்னேரம் குழாயில் பால் ஊற்றும்போது அவள் முகத்தில் வழக்கமான அலுப்பு இல்லை.

அப்படித்தான் நான் மரக்கறி சாப்பிடத் தொடங்கினேன். உடம்புக்கு நல்லது என்று யாரும் சொல்லி அல்ல.

தங்கையால் தினமும் வர முடியாது. ஆகவே நான் சமைக்கப் பழகினேன். காலையில் வெள்ளவத்தைச் சந்தைக்குப் போவேன். அங்கே கீரை விற்கிற சிங்களப் பெண் என் மனைவியின் பழைய வாடிக்கை. முதல் நாள் என்னைக் கண்டதும் நோனா எங்கே என்று கேட்டாள். சுகமில்லை என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். அவள் மேலே எதுவும் கேட்காமல், கையில் கிடந்த கீரைப்பிடியை வைத்துவிட்டு அடியில் இருந்து வேறொரு பிடியை எடுத்துத் தந்தாள். மனைவி சமையலறை வாசலில் பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு உட்கார்ந்திருப்பாள். குரல் வராத நாட்களில் கையால் காட்டுவாள். நெருப்பைக் குறை, மூடு, இப்போது பாலை விடு. கையைப் பார்த்துச் சமைப்பதால் எனக்கு அடிக்கடி கருகிப்போகும். கருகியதையும் சாப்பிட்டுச் சொல்ல வேண்டும். அதற்கு விலக்கு இல்லை.

எனக்குத் தெரிந்த ருசி எல்லாம் மீனும் கடலும்தான். அதனால் அவற்றை வைத்தே சொன்னேன். வெண்டிக்காய் கணவாய் மீன் மாதிரி வழுக்குகிறது என்றேன். கத்தரிக்காயின் தோல் நல்ல பாரை மீனின் தோல் போல் இருக்கிறது என்றேன். பீற்றூட் சமைத்த அன்று, "மண் மணக்குது. மழையில மைதானத்தில விழுந்து, வாய்க்குள்ள மண் போன மாதிரி," என்று சொன்னேன். அவள் சிரித்தாள். சிரித்தால் தொண்டை நோகும், கையால் கழுத்தைப் பிடித்துக்கொண்டே சிரித்தாள். அவளுக்கு நோய் வந்த பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

பாகற்காய்க்கு எங்களுக்குள் சண்டை வந்தது. மீன் கழுவும்போது பித்தப்பை உடைந்தால் வருகிற கசப்பு இது, இதை மனிதர் சாப்பிடுவார்களா என்று கேட்டேன். அவள் கையை ஆட்டி மறுத்தாள்.

"அது முதல் வாய்க்கு. ஒரு மிடறு தண்ணி குடிச்சுப் பாருங்கோ."

குடித்தேன். தண்ணீர் இனித்தது. உண்மையாகவே இனித்தது. நான் ஆச்சரியப்பட்டதைக் கண்டு அவளுக்குப் பெருமை, தானே அந்த இனிப்பைக் கண்டுபிடித்து எனக்குத் தந்ததுபோல். ஆனாலும் பாகற்காய் எனக்கு இன்றுவரை பிடிக்கவில்லை.

மற்றவையும் உடனே பிடித்துவிடவில்லை. பல மாதங்கள் தண்ணீரோடுதான் விழுங்கினேன். கீரையைச் சமைக்கும்போது ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பேன். ஒவ்வொரு வாயையும் அவளுக்காக நின்று கவனிக்க வேண்டி இருந்ததால் பழைய அருவருப்புக்கு நேரம் கிடைக்காமல் போயிருக்க வேண்டும். ஒரு மத்தியானம் பயற்றங்காய்ப் பால்கறியைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போனேன். அவள் இடையில் என்னை நிறுத்தினாள்.

"ரெண்டாந்தரம் போட்டுச் சாப்பிடுறியள், தெரியுதே?"

எனக்குத் தெரிந்திருக்கவில்லை. கரண்டி கையில் இருந்தது.

அந்த நாட்களை நான் சந்தோஷமான நாட்கள் என்று சொல்ல மாட்டேன். அவள் மெலிந்துகொண்டே போனாள். இரவில் அணைந்து படுக்க முடியாது, குழாய் இழுபடும். ஆனால் மத்தியானம் ஒரு மணி நேரம் எங்களுக்குக் கதைக்க ஒரு விஷயம் இருந்தது. நோயைத் தவிர வேறொரு விஷயம்.

பிறகு ஒருநாள் முருங்கைக்காய்க் குழம்பு வைத்தேன். வழக்கம்போல் சொல்லத் தொடங்கினேன். எப்போதும் நான் பாதி சொல்லும்போதே அவள் மீதியைச் சொல்லிவிடுவாள், அல்லது பிழை பிடிப்பாள். அன்று பேசாமல் இருந்தாள். நான் நிறுத்திவிட்டு என்ன என்று கேட்டேன்.

"எனக்கு ஞாபகம் வருதில்லையப்பா. முருங்கைக்காய் எண்டா பேர் தெரியுது, எப்பிடி இருக்கும் எண்டு தெரியுது. ருசி வருதில்லை."

நான் அவசரமாக அதற்கு இது மாதிரி, இதற்கு அது மாதிரி என்று என்னென்னவோ சொன்னேன். அவள் தலையை ஆட்டிக் கேட்டாள், ஆனால் எனக்காகத்தான் ஆட்டுகிறாள் என்பது தெரிந்தது. நான் சொன்ன ஒவ்வொரு ருசியையும் அவள் இவ்வளவு நாளும் தன்னிடம் இருந்த ருசியோடு சேர்த்துப் பார்த்துத்தான் அனுபவித்திருக்கிறாள். அது தீர்ந்துபோனால் என் சொல்லுக்கு வேலை இல்லை. அன்று மீதிக் குழம்பை நான் சாப்பிடவில்லை. அவளும் சாப்பிடச் சொல்லவில்லை.

மழைக்காலம் முடியும்போது குழாயை எடுத்தார்கள். கஞ்சித் தண்ணீர், பிறகு சொதி, பிறகு மசித்த சோறு என்று கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கத் தொடங்கினாள். ருசி இல்லாமலே விழுங்கினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சொதியில் தேசிக்காய் கூடிவிட்டது. ஒரு கரண்டி வாயில் வைத்தவள் அப்படியே நின்றாள். "புளிக்குது," என்றாள். திரும்ப ஒரு கரண்டி எடுத்தாள். "ஓம். புளிக்குது." கண்ணில் தண்ணீர் வந்தது அவளுக்கு. நான் இன்னொரு தேசிக்காயை வெட்டிக் கொடுத்தேன். அதை நக்கிவிட்டு முகத்தைக் கோணினாள். உடனே பாமன்கடைக்குத் தொலைபேசி எடுத்து, அக்காவுக்குப் புளி தெரிகிறது என்று தங்கையிடம் சொன்னேன். அந்தப் பக்கம் அவள் அழுவது கேட்டது.

புளிக்குப் பிறகு உப்பு வந்தது. வேறு எதுவும் வருவதற்கு முன்னால் இருமல் வந்துவிட்டது. படம் எடுத்துப் பார்த்தார்கள். நெஞ்சுக்குள் இறங்கிவிட்டது என்றார்கள். டொக்டர் என்னைத் தனியே கூப்பிடவில்லை. அவளையும் வைத்துக்கொண்டே சொன்னார். அதற்காக அவருக்கு நான் நன்றியாக இருக்கிறேன். ஆஸ்பத்திரியில் இருந்து ஆட்டோவில் திரும்பினோம். பம்பலப்பிட்டி தாண்டும்போது, வீட்டில் மரக்கறி ஏதும் இருக்கிறதா என்று கேட்டாள். கோவா இருக்கிறது என்றேன்.

கடைசி மாதங்களில் அவளால் மேசைக்கு வர முடியவில்லை. நான் பீங்கானை எடுத்துக்கொண்டு கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவேன். ஒரு மத்தியானம் கத்தரிக்காய்ப் பால்கறி. நான் சொல்ல வாயெடுத்தபோது அவள் என் முழங்காலில் கையை வைத்தாள்.

"இண்டைக்குச் சொல்ல வேண்டாம். சும்மா சாப்பிடுங்கோ. நான் பாத்துக்கொண்டு கிடக்கிறன்."

சாப்பிட்டேன். பீங்கானைத் துடைத்ததுபோல் சாப்பிட்டு முடித்தேன். அவள் பார்த்துக்கொண்டே உறங்கிவிட்டாள். அதன் பிறகு அவள் என்னிடம் ருசி கேட்கவில்லை.

அவள் ஆஸ்பத்திரியில் ஒரு காலை நேரத்தில் போனாள். நானும் தங்கையும் பக்கத்தில் இருந்தோம். அவ்வளவுதான் அதைப் பற்றி என்னால் எழுத முடியும்.

அவள் பக்கத்து வழக்கப்படி எட்டாம் நாள், இறந்தவருக்கு விருப்பமானதைச் சமைத்துப் படத்துக்கு முன்னால் படைக்க வேண்டும். தங்கை வந்து என்னிடம் கேட்டாள். "நாங்கள் சின்னனில இருந்த விருப்பங்கள்தான் எனக்குத் தெரியும் அத்தான். பிறகு என்ன பிடிச்சது எண்டு உங்களைத்தான் கேக்க வேணும்." நான் சொன்னேன். கத்தரிக்காய் என்றால் பால் கட்டியாக, பச்சை மிளகாயைக் கீறிப் போட்டு. கோவாவில் மஞ்சள் குறைவாக. பூசணிக்காய் முழுக்கக் கரையக் கூடாது. பாகற்காயைத் தண்ணீர் பிழியாமல். தங்கை வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். இவ்வளவும் எனக்கு எப்படித் தெரியும் என்று அவள் கேட்கவில்லை. இருவரும் சேர்ந்து சமைத்தோம். படைத்து முடித்த பிறகு வந்தவர்களோடு நானும் இலையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். கொட்டாஞ்சேனையில் இருந்து வந்திருந்த என் அக்கா, சாப்பிட்டு முடியும்வரை என் இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்கா இன்னும் ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைக் கூப்பிடுவாள். பூசை முடிந்து அவள் வீட்டுக்குப் போவேன். இறாலும் மீனும் சமைத்து வைத்திருப்பாள். சாப்பிடுகிறேன், ருசியாகத்தான் இருக்கிறது. மரக்கறி ஏதும் இல்லையா என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். நான் துக்கம் காக்கிறேன் என்று அவள் நினைத்தாள். "ஒரு வருஷம் முடிஞ்சு போச்சுதானே, இனி விடு தம்பி," என்றாள். இல்லை அக்கா, எனக்குப் பசிக்கிறது என்று சொன்னேன். அடுத்த ஞாயிறு ஒரு கிண்ணத்தில் கரட் சம்பல் செய்து வைத்திருந்தாள்.

போன மாதம் சந்தையில் வாழைப்பூ கண்டேன். மனைவி இருந்தபோது அது எனக்குக் கைவராது என்று வாங்காமல் விட்டது. இந்த முறை வாங்கினேன். கை கறுக்கக் கறுக்க ஒவ்வொரு மடலாகப் பிரித்து, நரம்பு எடுத்து, மோரில் போட்டு வைத்து, வறை செய்தேன். முதல் வாயில் லேசாகத் துவர்ப்பு. பிறகு துருவிய தேங்காய்ப்பூவோடு சேர்ந்து இறைச்சியைப்போல் ஒரு பிடிப்பு. அந்தத் துவர்ப்பு நாக்கின் இரண்டு பக்கத்திலும் நின்றது, நடுவில் இல்லை. இதை இப்படித்தான் சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் சரிசெய்துகொண்டு தலையை நிமிர்த்தினேன். எதிரே கதிரை மேசைக்குள் தள்ளி வைத்தபடி இருந்தது. சோறு ஆறும்வரை சாப்பிட முடியாமல் உட்கார்ந்திருந்தேன். பிறகு ஆறிய சோற்றையும் வறையையும் சாப்பிட்டு முடித்தேன்.

இந்தக் கிழமை எனக்கு இரத்தப் பரிசோதனை. வெள்ளவத்தையில் ஒரு சின்ன மருந்தகத்தில் இளம் டொக்டர் ஒருத்தி இருக்கிறாள், புதிதாக வந்தவள், எங்களைத் தெரியாது. பழைய முடிவையும் புதிய முடிவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். சீனியும் கொழுப்பும் நன்றாக இறங்கி இருக்கிறதாம். முகம் மலர்ந்து சொன்னாள்.

"வீட்டில உங்களை வடிவாப் பாக்கினம் போல அங்கிள்."

"ஓம்," என்றேன்.

வெளியே வந்தபோது வெயில் ஏறியிருந்தது. நடந்தே வீட்டுக்குப் போனேன். மத்தியானத்துக்குப் போஞ்சியும் பருப்பும் வைத்தேன். போஞ்சி கொஞ்சம் கூடுதலாக வெந்துபோனது. உப்பு சரியாக இருந்தது.